வள்ளியின் கண்ணும் முனியம்மாவின் ஆடும்

வள்ளி, குமரேசா, சண்முகா,

போன வெள்ளிக்கிழமை பஜனைக் கூடத்தில் உங்கள் அப்பா எழுந்து நின்றதையும், "முருகா" என்று ஒரு சொல் சொன்னதையும், பிறகு உட்கார்ந்து சுண்டல் தின்றதையும் மூன்று பேரும் பார்த்தீர்கள். சண்முகம் சிரித்ததை நானும் பார்த்தேன். தனக்கு முருகன் செய்த உதவியை வாரத்துக்கு ஒருவர் சொல்ல வேண்டும் என்பது நம் கூடத்து வழக்கம். என் முறை வந்தது, வாயில் வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாக ரொட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கத் தெரியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வள்ளி எழுந்து படிக்கட்டும். என் படிப்பு நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும். கூடத்துக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நயா பைசா வந்து இரண்டாம் வருஷம் அது. வள்ளிக்கு மூன்றரை வயது. குமரேசன் கைக்குழந்தை. சண்முகம் இன்னும் பிறக்கவில்லை. அல்சூரில் இதே வீடுதான்.

சாயங்காலம் விளக்கு ஏற்றினால் வள்ளியின் இடது கண் பளபளவென்று மின்னும். பூனைக்கண் மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பெருமைப்பட்டேன், பிள்ளைகளே. பேக்கரியில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். எதிர்வீட்டு முனியம்மா மட்டும், "இன்னா அண்ணே, கொழந்த கண்ணுல இன்னாத்துக்கு வெள்ளையா தெரியுது? டாக்டராண்ட காட்டு" என்றாள். பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் நினைத்தது அப்படி. எழுதும்போது கை கூசுகிறது.

உங்கள் அம்மா ராஜம்மா என்னைக் கேட்காமலே குழந்தையைத் தெருக்கோடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் ஒரு சீட்டு எழுதி, சிட்டியில் இருக்கிற கண்ணாஸ்பத்திரிக்கு நாளைக்கே போகச் சொன்னார்.

போனோம். பெரிய டாக்டர் கன்னடக்காரர். குழந்தையின் கண்ணில் மருந்து விட்டு, இருட்டு அறையில் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"நோடப்பா, கண்ணுக்குள்ள கட்டி இருக்கு. கேன்சர்."

"சாமி, அவ பீடி குடிக்கிறதில்லீங்களே" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அந்த வியாதி பீடி குடிக்கிற கிழவர்களுக்கு வருவது என்றுதான் எனக்குத் தெரியும். டாக்டர் சிரிக்கவில்லை.

"சின்ன மகுவுக்கும் வரும்ப்பா. அந்தக் கண்ண எடுத்துடணும். விட்டா நரம்பு வழியா மூளைக்கு ஏறிடும். அப்புறம் என்னால ஒண்ணும் ஆகாது. அந்தக் கண்ணுல இப்பவே பார்வை இல்ல."

"இல்லீங்க சாமி, ஓடுறா, ஆடுறா, எறும்பக் கூடப் பாத்துப் புடிக்கிறா."

"அது இன்னொரு கண்ணு பாக்குது."

நான் நம்பவில்லை. பெண் குழந்தை. கண்ணைப் பிடுங்கி எடுக்க எந்த அப்பன் கையெழுத்துப் போடுவான்? டாக்டர் ஆபரேஷனுக்குச் சேர்ப்பதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார். மகு என்றால் குழந்தை. அந்தச் சொல் மட்டும் பஸ்ஸில் வழியெல்லாம் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

இப்போதுதான் ஆடு வருகிறது. சண்முகா, கவனமாகக் கேள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாசல் கொடியில் போட்டேன். சீட்டு பையில் இருந்தது. முனியம்மாவின் கடா ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, சட்டைப் பையையும் சீட்டையும் தின்றுவிட்டது. நான் பார்க்கும்போது டாக்டர் கையெழுத்து வரைக்கும் உள்ளே போய்விட்டது.

முருகனுக்கு மயில் மட்டும் வாகனம் இல்லை. ஆட்டுக்கடாவும் வாகனம்தான். கோவில் தூணில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முருகனே தன் வாகனத்தை அனுப்பிச் சீட்டைக் கிழித்துவிட்டார், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை போகவில்லை. அதற்குப் பதிலாக, தினம் வேலை முடிந்து வரும்போது ஆட்டுக்கு ஒரு பன் வாங்கி வந்தேன். நெற்றியில் விபூதி பூசினேன். குங்குமமும் வைத்தேன்.

மூன்றாம் நாள் முனியம்மா தெருவில் நின்று கத்தினாள். "எவண்டா என் ஆட்டுக்குப் பொட்டு வச்சது? பக்ரீத்துக்கு விலை பேசி வச்சிருக்கறேன், வெட்டுறதுக்கு எவனாவது வேண்டிக்கினானா?"

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ராஜம்மா அழுதாள், சண்டை போட்டாள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். உங்கள் அம்மா பேச்சை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். இப்படிப் பத்து நாள் ஓடிவிட்டது. பத்து நாளும் அந்தக் கட்டி சும்மா இருந்திருக்காது. கடைசியில் அவள், "ஆட்டக் கேட்டது போதும். சாமியையே கேப்போம். பூ போட்டுப் பாப்போம். இன்னா வந்தாலும் நான் ஒத்துக்கிறேன், நீயும் ஒத்துக்கணும்" என்றாள்.

பூப்போட்டுப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். எனக்கு வெள்ளைதான் வர வேண்டும். மறைக்க மாட்டேன்.

ஏரிக்கரை முருகன் கோவிலுக்குக் காலையில் போனோம். நான் பேக்கரிக் காகிதத்தில் ரோஜா இதழ்களை மடித்து, ரொட்டி கட்டுகிற நூலால் கட்டி எடுத்துப் போனேன். பூசாரி அவற்றைத் தட்டில் வைத்துக் குலுக்கினார். அப்போதுதான் கவனித்தேன். மெல்லிய காகிதம். வெளிச்சத்தில் சிவப்பு லேசாகத் தெரிந்தது. வள்ளிக்குச் சிவப்பு என்றால் உயிர். அதைத்தான் எடுப்பாள். உடனே என் துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினேன். சாமிக்கு முன்னால் நியாயம் பார்க்கிறவன் போல நடித்துக்கொண்டு கட்டினேன்.

"முருகா, எம் பொண்ண எனக்குக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கடைசி வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வள்ளி தட்டில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பொட்டலத்தைப் பிடித்தாள். அப்போது பூசாரி, "யோவ், துண்டு நழுவிடுச்சுய்யா. கொழந்த ஒரு கண்ணால பாக்குது" என்றார்.

பார்த்தேன். துண்டு சாய்ந்து, வலது கண் மட்டும் மூடியிருந்தது. இடது கண் அகலமாகத் திறந்திருந்தது. ஏரிப்பக்கம் இருந்து வெயில் நேராக அதில் விழுந்தது.

"ஏய் வள்ளி! பாத்து எடுக்கக் கூடாது!"

"நான் பாக்கலப்பா. ஒரே இருட்டா கீது."

பூசாரி சிரித்தார். "பாரு, எவ்ளோ கள்ளத்தனம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் அவளுக்காக வைத்திருந்த ஜாம் பன்னை எடுத்து, அந்தத் திறந்த கண்ணுக்கு நேராக, மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். ஜாம் பன் என்றால் தூக்கத்திலும் பிடுங்குகிற குழந்தை. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"பன்னு வாசன வருது. எங்கப்பா? குடுப்பா."

இரண்டு கையையும் நீட்டிக் காற்றில் தேடினாள். பன் அவள் முகத்துக்கு முன்னாலேயே இருந்தது.

ராஜம்மா அழவில்லை. "இன்னாங்க, டாக்டர் சொன்னது இதத்தான்" என்றாள். பத்து நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் குரல் தணிந்து பேசிய முதல் பேச்சு.

நான் காப்பாற்ற நினைத்த கண் எப்போதோ போய்விட்டது, பிள்ளைகளே. இல்லாத ஒன்றைக் காவல் காத்துக்கொண்டு, இருக்கிற குழந்தையைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

"பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்கலியா?" என்று பூசாரி கேட்டார்.

"வேணாம் சாமி. புரிஞ்சிடுச்சு" என்றேன். வள்ளி எடுத்த பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து நேராக பஸ் ஏறினோம்.

பெரிய டாக்டர் திட்டுவார் என்று பயந்தேன். "பந்த்யா? கூத்கோ" என்று நாற்காலியைக் காட்டினார். "வந்துட்டியே, அது போதும். சீட்டு எங்கே?"

"ஆடு தின்னுடுச்சுங்க."

அவர் பேனாவைத் திறந்து வேறு சீட்டு எழுதினார். எத்தனை அப்பன்களைப் பார்த்திருப்பாரோ, ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டோடு கண் விழித்த வள்ளி, கட்டை அவிழ்க்கச் சொல்லி வார்டையே அதிர வைத்தாள். சிஸ்டர் ஒருவர் துணிப் பொம்மை ஒன்று கொண்டு வந்தார். அதற்கும் இடது கண்ணில் கட்டு. அதோடு விடாமல் என்னையும் பிடித்து உட்கார வைத்தார். "அப்பாவும் கட்டிக்கிட்டா, பாப்பா கட்ட அவுக்காது. ஒரு நாள் இருந்து பாருங்க. அவளுக்கு இனிமே எப்படித் தெரியும்னு உங்களுக்கும் தெரியட்டும்" என்று எனக்கும் ஒரு கண்ணைக் கட்டிவிட்டார்.

அப்படியே வேலைக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். பேக்கரியில் பன் தட்டை அடுப்புக்குள் தள்ளினேன். அடுப்பு வாய் இருக்கிற தூரம் பிடிபடவில்லை. தட்டு செங்கல்லில் இடித்து, பன்கள் எல்லாம் தரையில் ஓடின. மேஸ்திரி, "கண்ணக் கட்டிக்கினு ரொட்டி சுடுறதுக்கு இது இன்னா சர்க்கஸா?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தானே குனிந்து பன்களைப் பொறுக்கினார்.

சிஸ்டர் அன்று சாயங்காலமே சொல்லிக்கொடுத்தார். ஒரு கண்ணில் தூரம் தெரியாது. டம்ளரின் விளிம்பைச் செம்பால் தொட்டுக்கொண்டு ஊற்றினால் சிந்தாது. நானும் வள்ளியும் கட்டிலில் உட்கார்ந்து ஊற்றிப் பழகினோம். வள்ளி முதல் நாளே கற்றுக்கொண்டாள். நான் படுக்கையை நனைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை இருந்தது. ரொம்பத் தாமதமாகக் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு காலையில் கட்டில் காலியாக இருந்தது. அதன் அப்பாவும் முருகா என்றுதான் அழுதார். அது ஏன் அப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததைப் போல இந்தக் காகிதத்தில் எழுதவும் மாட்டேன். பஜனையில் கண்ணை மூடும்போது முதலில் அந்தக் குழந்தையைத்தான் நினைக்கிறேன்.

புண் ஆறிய பிறகு கண்ணாடிக் கண் வைக்கக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே பஞ்சில் கண்கள் வரிசையாக என்னைப் பார்த்தன. பாதிக்கு மேல் நீலம். வள்ளி ஒரு நீலக் கண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதான் வேணும். தொரைசானி கண்ணு!" அரை மணி நேரம் போராட்டம். கடைசியில், கறுப்புக் கண்ணோடு ஒரு சிவப்பு ரிப்பனும் தருவதாகச் சிஸ்டர் பேரம் பேசி முடித்தார்.

இப்போது வள்ளிக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது யார்? வள்ளிதான். மற்றக் கண்ணை ஆஸ்பத்திரியில் பரிசோதிக்க இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட நான் தவறியதில்லை. சீட்டை உள் பையில் வைத்து ஊக்கு குத்திக்கொள்கிறேன்.

கூடத்துப் பிள்ளைகளே, பெரியவர்களே, கஷ்டம் வந்தால் முருகனிடம் அழுங்கள். நான் அழுதேன், அவர் கேட்டார். ஆனால் எனக்குப் பிடித்த பதிலை நானே அவர் வாயில் வைத்தபோது அவர் பேசவில்லை. புரியும்படி சொல்லு என்று கேட்டபோது சொன்னார். குழந்தையின் கண்ணில் வெள்ளையாக மின்னினால் விளக்கைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்படாதீர்கள். அவர் பேரைச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறுங்கள்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கே தெரியாது.

எடுத்த கண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, நரம்பில் வியாதி ஏறியிருக்கிறதா என்று சொல்ல மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பொட்டலம் என் பையிலேயே இருந்தது. வெள்ளையாக இருந்தால்? பலமுறை நூலில் விரலை வைத்தேன், எடுத்தேன். மூன்றாம் வாரம் டாக்டர் கூப்பிட்டு, "நரம்பு சுத்தமா இருக்கு. மகு பிழைச்சுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். ராஜம்மாவையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வாசலுக்கு வந்தேன். தெருவில் யாரும் இல்லை. முனியம்மாவின் ஆடு புதுக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. நெற்றியில் நான் வைத்த குங்குமம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் குங்குமத்தை என் துண்டால் துடைத்தேன். பிறகு நூலை மட்டும் பல்லால் அறுத்து எடுத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினேன். காகிதத்தோடு வாங்கிக்கொண்டது. அது மென்று முடிக்கும் வரைக்கும் நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.