அண்ணன் சேர்த்து வைத்த ஐந்து பேர்

எங்கள் தோட்டத்துக் கோயில் மாரியம்மாளின் பாதம் தொட்டு இதைத் தொடங்குகிறேன். அண்ணன் மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. அன்னதானத்துக்கு வரும் சொந்தபந்தங்கள் கையில் ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவள் அல்ல. பிழை இருந்தால் அம்மாளும் நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதச் சொல்லி அண்ணன் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். "நல்லதை மட்டும் எழுதி எனக்கு மாலை போட்டுறாத தங்கச்சி. மூக்கன் கதையையும் எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா பால்வெட்டுக்காரர். படிப்பில் அண்ணன் கெட்டிக்காரர் என்று டவுன் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாதர் அவருக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் புத்தகப் பையோடு ஊர் திரும்பி, மறுவாரமே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பாதர் பிரியும்போது கொடுத்த பழைய பந்து ஒன்றுதான் அவர் கொண்டுவந்த சொத்து. அது வெடித்த இடத்தில் எல்லாம் ரப்பர் பாலை ஊற்றி, ஷீட் துண்டு ஒட்டி, புகைவீட்டிலேயே காயவைத்து எடுப்பார். கையில் எடுத்தால் புகை நாற்றம் அடிக்கும்.

காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, தார்ப் பீப்பாயின் இரும்பு வளையத்தை ஏற்றினார். சாக்கு நூலில் வலை பின்னிக் கொடுத்தது நான். மாலையில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் இளவட்டங்கள் முதலில் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஐந்து பேர் நிலைத்தார்கள். நான்கு பேர் நம்ம ஆட்கள். ஐந்தாவது, கீழே கிராமத்திலிருந்து வந்த சுனில், சிங்களப் பிள்ளை. தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். 'அண்ணே' என்பதை மட்டும் சிங்களத்தில் 'ஐயே' என்பார். நால்வரில் குள்ளமானவர் மூக்கன். ஆனால் அவர் கையில் பந்து போனால் திரும்பி வராது, வளையத்துக்குள்தான் போகும்.

அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பந்தைக் கூடைக்குள் போட்டவர், பந்து தரையில் விழுவதற்குள், தனக்குப் பந்து கொடுத்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கூடை செல்லாது. "ஒத்தைக் கையால யாரும் போடல. எவன் கொடுத்தான்னு சொல்லு" என்பார். லயத்துப் பொம்பளைகள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் நின்றுகொண்டே "சுனில்!" "மூக்கா!" என்ற சத்தத்தைக் கேட்டு யார் விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்று ஆட்டம் கிடையாது. மற்ற நால்வரும் அவர் வீட்டுக்குப் போய் விறகு பிளந்து கொடுக்க வேண்டும்.

ஒருமுறை டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஆடப் போனார்கள். காலில் சப்பாத்துப் போட்ட ஒரு பையன், "தோட்டத்தானுக்கு வாளி தூக்கத்தானே தெரியும்" என்றான். மூக்கன் கொஞ்சமும் கோபப்படாமல், "ஆமாங்க, மேட்டுல வாளியைத் தூக்கிட்டு ஓடியும் ஒரு சொட்டுச் சிந்தாத கை. இப்ப பாருங்க" என்றாராம். அன்று நம்ம பிள்ளைகள் தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தம் ஆகி, குடியுரிமை இல்லாத நம்ம ஆட்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று படிவம் போடச் சொன்ன காலம் வந்தது. தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. எல்லோரும் அண்ணனிடம் வந்தார்கள். பந்து விளையாடும் தன் பிள்ளைகளை மட்டும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்துக்கு ஒன்றாக வரச் சொன்னார். "நாலு பேரும் இலங்கைன்னே போடுவோம். ஒரே நாள்ல, ஒரே கவர்ல அனுப்புவோம். ஒண்ணா இருக்கிறவங்கன்னு பார்த்தா பிரிக்க மாட்டாங்க" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரிய ஆபீஸில் இருப்பவர்கள் கவரைப் பிரித்துப் பார்த்து, இது ஒரு குழு என்று நினைப்பார்கள் என்று நம்பினோம். படிவம் தேவையில்லாத சுனிலும் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு எழுதுங்க ஐயே. நான் மட்டும் என்ன, டீம் இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூக்கன் சிரிக்கவில்லை. அவருடைய தாயார் இந்தியா போக வேண்டும் என்று ஏற்கெனவே படிவம் போட்டிருந்தார். மூத்த மகளைத் திருச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தத் தாயார் களத்துக்கே வந்து, "தம்பி, என் மகனையும் என்கூடப் போட்டு எழுதுங்க. எனக்குக் கொள்ளி வைக்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணன், "சின்னம்மா, உங்களுக்குப் பேர் வர எத்தனையோ வருசம் ஆகும். அதுக்குள்ள மாத்திக்கலாம். இவன் போனா இந்தப் பயலுக கலைஞ்சிருவானுக" என்றார்.

"நீ என்னடா சொல்ற?" என்று தாயார் மகனைக் கேட்டார்.

மூக்கன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். "அண்ணன் சொல்றபடி எழுதட்டும் ஆத்தா" என்றார்.

அண்ணன் எழுதினார். நான்தான் விளக்கைத் துடைப்பதுபோல் அந்தப் பேனா முள்ளைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அதனால் இதில் எனக்கும் பங்குண்டு.

பதில் ஒன்றாக வரவில்லை. மூன்று பேருக்கு வெவ்வேறு வருடங்களில் குடியுரிமை கிடைத்தது. மூக்கனின் அப்பா பிறந்த பதிவு இல்லை என்று அவருடையதைத் தள்ளிவிட்டார்கள். இந்தியப் பக்கம் மாற்றலாம் என்று போனபோது, படிவம் வாங்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அண்ணன் ரத்தினபுரி, கொழும்பு என்று அலைந்தார். மாவு கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. பாதி நாள் வெறும் வயிற்றோடுதான் அலைந்தார். எங்கும் கதவு திறக்கவில்லை. மூக்கன் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்.

அவர் தாயாருக்குப் பயணப் பத்திரம் வந்துவிட்டது. போகாவிட்டால் அதுவும் செல்லாது என்று பயந்து, அழுதுகொண்டே தனியாக பஸ் ஏறினார். மறு வருடம் அங்கே இறந்துபோனதாகக் கடிதம் வந்தது. எல்லாச் சடங்கும் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

கடிதம் வந்த பத்தாம் நாள் மூக்கன் விளையாட வந்தார். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. சுனில் பந்தைக் கொடுத்தார். மூக்கன் போட்டார், உள்ளே விழுந்தது. பெயர் சொல்லவில்லை. பந்து உருண்டு ஓடி கம்பத்தில் முட்டி நின்றது. அண்ணன் "செல்லாது" என்று சொல்லவில்லை. பிறகு அண்ணன், "மூக்கா, என்னை நாலு வார்த்தை ஏசிரு" என்றார்.

"உங்களை என்னன்னு ஏச அண்ணே? பந்தை எங்க போடச் சொன்னாலும் போட்டேன். கையெழுத்தையும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு மூக்கன் லயத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெரட்டுக்களத்தில் ஆட்டம் நடக்கவில்லை.

கலவரம் வந்த வருடம் பக்கத்துத் தோட்டத்து லயங்கள் எரிந்தன. சுனில் எங்கள் குடும்பத்தைத் தன் வீட்டு அடுப்படியில் ஒளித்துவைத்தார். அடிக்க வந்து வாசலில் நின்றவர்களிடம் அவர் சிங்களத்தில் என்ன சொன்னாரோ, அவர்கள் திரும்பிப் போனார்கள். உள்ளே வந்து, "பய வெண்ட எபா ஐயே, பயப்படாதீங்க" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "மூக்கன் எங்க?" வவுனியாப் பக்கம் போகும் லாரியில் அவர் ஏறிவிட்டதாக இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. விலாசம் யாரிடமும் இல்லை.

புகைவீட்டுப் புகை அண்ணன் நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சிமார் எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றிவிட்டு, கடைசியில் என் வீட்டில்தான் இருந்தார். அவிசாவளை ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போதும், "ஒண்ணா இருக்கணும்னு சொல்லிக் கொடுத்தது தப்பில்ல தங்கச்சி. ஒருத்தனைத் தாயை விட்டு ஒண்ணா இருக்கச் சொன்னேனே, அதுதான் தப்பு" என்றார். முருகா முருகா என்று சொல்லியபடியே கண்ணை மூடினார்.

அவரை மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சுனில் தம்பிக்கும், பாடை தூக்கிய மற்ற மூன்று பிள்ளைகளுக்கும், மூன்று நாள் அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய லயத்துச் சனங்களுக்கும், தேவாரம் பாடிய கோயில் பெரியவர்களுக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். அம்மாள் உங்கள் பிள்ளைகுட்டிகளை வைத்துக் காக்கட்டும்.

பதினாறாம் நாள் கருமாதியில், அண்ணன் சொல்லிப் போனபடி, மூக்கனின் தாயாருக்கும் ஓர் இலை போட்டோம். சடங்கு செய்த பண்டாரம், "இந்தம்மாவுக்கு எள்ளுந்தண்ணியும் விட வேண்டியது யாரு?" என்று கேட்டார். மகன் இருக்கிறார், இருக்கும் இடம் தெரியாது என்றேன். "அப்ப நாம விடக்கூடாது தாயி. சோத்தை மட்டும் வைங்க" என்றார். சோற்றை மட்டும் வைத்தோம்.

வவுனியாப் பக்கம் போகிறவர்கள் இந்தப் புத்தகத்தில் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுபோங்கள். மூக்கன் தம்பியைக் கண்டால் கையில் கொடுங்கள். தம்பி, அண்ணனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைக் கேட்க அவருக்கே வாய் வரவில்லை. உங்கள் ஆத்தாவுக்காக ஒருமுறை வந்து போங்கள். தண்ணீர் இன்னும் விடாமலே இருக்கிறது.