கான் ஓரத்துப் புல்

நான் பேசப் பேச, பேத்தியின் போன் அதை எழுத்தாக்கிக்கொண்டே போகிறது. கண்டி டவுனில் கடை வேலைக்குப் போகிறவள் அவள். நான் வாயைப் பிளப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அதற்காக ஒரு மெஷினைப் பார்த்து மலைக்கிற ஆளில்லை. பன்வில பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் புல்லைச் சாகடிக்கிற மருந்தடிக்கும் முதல் மெஷின் வந்தபோது, அதன் கைப்பிடியை இந்தக் கையால் அடித்தவள்.

அதற்கு முன்பு தோட்டத்தில் புல் எடுக்கச் சுரண்டிதான். தேயிலைக்கு நடுவே பெண்கள் பன்னிரண்டு பேர் குனிந்தால், ஒரு மலையைச் சுத்தம் செய்து நிமிரப் பத்து நாளாகும். அம்மாவும் அதில் ஒருத்தி. ஒரு நாள் காலையில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களத்தில், துரை ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மருந்து ஊற்றி வைக்கிற ஒரு பித்தளைத் தாங்கி. வெயில் பட்டதும் கோயில் குடம் மாதிரி மின்னியது. முதுகில் மாட்ட இரண்டு தோல் பட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி, நீளமாக ஒரு குழாய். துரை ஆண்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவைத்தான் காட்டினார். தோட்டத்திலேயே அகலமான முதுகு அவருடையது.

அப்பா அதை மாட்டிக்கொண்டு மலை ஏறினார். சாமி ஊர்வலம் போவது போல நாங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடினோம். சித்தப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, முதுகுல யாரு, அண்ணியா?"

சுரண்டியோடு நின்ற அம்மா விடவில்லை. "என்னையத் தூக்கியிருந்தா இந்நேரம் பாதி வழியில போட்டிருப்பாரு."

குழாயிலிருந்து மருந்து பனிப்புகை மாதிரிப் பறந்தது. அடுத்த நாள் மத்தியானம் புல்லெல்லாம் அவித்த கீரையாகச் சுருண்டு கிடந்தது. பன்னிரண்டு பெண்களின் பத்து நாள் வேலையை அப்பா ஒற்றை ஆளாக இரண்டே நாளில் முடித்துவிட்டார். "எங்கப்பா நடந்தாலே புல்லு செத்துரும்" என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

இதில் எனக்குச் சொந்த லாபமும் ஒன்று இருந்தது. எங்களிடம் ஒரு சினைப்பசு. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் இருக்கிறதே, அதன் ஓரத்தில் பசுவுக்குத் தினமும் ஒரு கட்டுப் புல் அறுப்பது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை. மற்றப் பிள்ளைகள் கோடு கிழித்து நொண்டியடிக்கும் நேரத்தில் என் கால் விரல் இடுக்கில் அட்டை. புல் இருந்தால்தானே அறுக்க வேண்டும்? இந்தக் கேள்வி மனதில் வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் அப்பா வேலை முடிந்து வரும் வழியில் காத்து நின்றேன். தாங்கிக்குள் மிச்ச மருந்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, கான் ஓரத்துல நாகம் கெடக்கு."

"எப்ப பார்த்த?"

"நேத்து. இம்புட்டுப் பெரிசு." கையை விரித்துக் காட்டினேன். கை போதவில்லை.

அப்பா என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு மெஷினைக் கழற்றாமலே கான் பக்கம் திரும்பினார். குழாயை அவர் பிடித்தார். எனக்கு எட்டும்படி கொஞ்சம் குனிந்து கொடுத்தார், கைப்பிடியை நான் அடித்தேன். மேலும் கீழும், மேலும் கீழும். ஒவ்வொரு அடிக்கும் புகை பீறிட்டது. உள்ளங்கை சிவந்துபோயும் விடவில்லை. தோட்டம் முழுவதும் என் கையில்தான் ஓடுகிறது என்று நினைப்பு.

அடுத்த நாள் வெறும் சாக்கோடு வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, புல்லு செத்துப்போச்சு!" நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னேன். மருந்து பட்ட புல்லை மாட்டுக்குக் காட்டவே கூடாது என்று கங்காணி முன்பே சத்தம் போட்டிருந்தார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாட்டுக்கு இனி என்னத்தப் போடுறது? அங்க யாரு ஒங்கள அடிக்கச் சொன்னா?"

"பாம்பு கெடக்கும். புள்ள வெறுங்காலோட நடக்குற எடம்," என்றார் அப்பா. யார் சொன்னது என்று அவர் வாய் திறக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு மலையாக மருந்து இறங்கிக்கொண்டே போனது. பச்சையாக மிஞ்சியது கீழே ஆற்றங்கரை மட்டும்தான். மூன்று லயத்துப் பிள்ளைகளும் அரிவாளோடு அங்கே வந்தார்கள். பின்னேரம் போனால் மண்தான் இருக்கும், காலையிலேயே போக வேண்டும். அப்பா மெஷினோடு போய்விடுவார். சுரண்டி வேலை நின்றுபோன அம்மா, பக்கத்துத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க விடியுமுன் நடந்தாள்.

"கன்னு போடுற வரைக்கும் இவ காலையில புல்லுக்குப் போகட்டும்," என்றாள் அம்மா. "பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போயிராது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடம் இல்லை, பிரம்பு இல்லை. கல்லுக்குக் கல் தாவினேன், பாவாடையில் மீன் பிடித்தேன், ஈரத்தலையோடு புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு பாடியபடி மேடு ஏறினேன். என் சிலேட்டால் அம்மா பருப்புச் சட்டியை மூடினாள். மூடி நன்றாகப் பொருந்துகிறதே என்றுகூட நினைத்தேன்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்து மாஸ்டர் லயத்துக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், குடையில்லாமல் வெளியே வராதவர். பிடித்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று மாட்டுக் கொட்டகைக்குள் பாய்ந்து பசுவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"பிள்ளை எங்கை? அவளுக்கு எழுத்து நல்லா வருது. மறிக்காதேங்கோ."

"அடுத்த மாசம் வருவா மாஸ்டர். புல்லுதான் கரச்சல்," என்றார் அப்பா.

"புல்லோ?"

அப்பா கான் பக்கம் கையைக் காட்டினார். மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு அங்கே போனார். கருகிக் கிடந்த கரையை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் நின்று நின்று பார்த்தார். என்னைத்தான் அங்கே தேடுகிறார் என்று நினைத்து, சத்தம் வெளியே வராமல் பசுவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். உள்ளே கன்று உதைத்தது.