சதுரங்கப் பெட்டியை விற்ற கதை

ஒரே ஒரு பெட்டியை விற்க எத்தனை பேர் வேண்டும்? எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, அப்பாவின் அலுவலகத்தில் பாதிப் பேர், பாலக்கரையில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் என்று ஊரே கூடி இரண்டு மாதம் யோசித்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அது ஒரு சதுரங்கப் பெட்டி. அம்மாவின் அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஊரைவிட்டுப் போன ஒரு மேலதிகாரி அவருக்குக் கொடுத்தது. கல்யாணமானபோது அம்மாவோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து பரணில் கிடந்தது. எல்லாம் கையால் செதுக்கிய காய்கள். பிஷப்புக்குப் பதில் ஒட்டகம். ராஜா அம்பாரி யானைமேல் உட்கார்ந்திருப்பார். முப்பத்திரண்டும் பத்திரமாக இருந்தன. இப்படி முழுசாகக் கிடைப்பது அபூர்வம் என்று யாரோ சொல்லப்போக, அன்றோடு அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. விற்றால் எனக்குக் கியர் சைக்கிள் என்றார். எனக்குப் பதினோரு வயது. எனக்கும் தூக்கம் போயிற்று.

சித்தப்பா ஞாயிறுதோறும் திருவெறும்பூரிலிருந்து யோசனை சொல்ல வந்துவிடுவார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. வெள்ளைக் காய்கள் சந்தனமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். சந்தனம் என்றால் விலை இரட்டிப்பு, ஆனால் ஃபாரஸ்ட்காரன் வாசலில் வந்து நிற்பான். இதைத் தீர்த்துக்கொள்ள, பூஜையறைச் சந்தனக்கல்லை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து, ஒரு சிப்பாயின் அடிப்பாகத்தைப் பத்து நிமிஷம் அரைத்தார். வாசனை வரவில்லை. அந்தச் சிப்பாய் மட்டும் அதன் பிறகு சாய்ந்தே நின்றது.

பாலக்கரைக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! பழைய சாமானைத் துணியால தொடைக்கவே யோசிக்கணுங்க. நீங்க அரைச்சே வச்சிருக்கீங்களே" என்றார்.

அடுத்து இணையத்தில் விளம்பரம். சித்தப்பா காய்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பின்னால் குக்கர் தெரிய ஒரு படம் எடுத்துப் போட்டார். ராஜாவும் மந்திரியும் இடம் மாறி நின்றிருந்தார்கள். லாஸ்ட் பிரைஸ் என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு மகானுபாவர் தன் பழைய டிரெட்மில்லுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்றார். இந்தக் கூத்து முழுவதற்கும் அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில், இந்த மாதிரி செட்டுகளைச் சேகரிக்கிற ஒருவர் பெங்களூரிலிருந்து நேரில் வருவதாகச் சொன்னார். லீவு நாளாகப் பார்த்து அப்பா சரஸ்வதி பூஜையன்று வரச் சொன்னார். அந்த வருஷம் அம்மா முதல்முறையாகக் காய்களைக் கொலுவின் இரண்டாம் படியில் வைத்திருந்தாள். ராஜா, மந்திரி, ஒட்டகம், குதிரை எல்லாம் அததன் இடத்தில். வருகிறவருக்குக் காட்ட வசதியாகப் போயிற்று என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

வந்தவர் படி முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு காயாகப் பார்த்தார். சாய்ந்த சிப்பாயைக்கூட மன்னித்துவிட்டார். சொன்ன விலைக்குச் சரி என்றார். அப்பா படியில் கை வைக்கப் போனபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"என்னங்க, படியில வச்சதை விஜயதசமி முடியாம எடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது."

அப்பா கெஞ்சினார். கற்பூரம் காட்டிவிட்டு எடுத்தால் தோஷமில்லை என்று சித்தப்பா புது சாஸ்திரம் ஒன்று சொன்னார். அம்மா அசையவில்லை. வந்தவர் அன்றே திரும்பவேண்டும். அப்புறம் ஆறு மாதம் வெளிநாடு. "பரவாயில்லங்க, அவங்க நம்பிக்கை" என்று எழுந்துவிட்டார். என் சைக்கிள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏம்மா, போன வருஷம் நாலாம் நாளே செட்டியார் பொம்மையை நீதானே எடுத்து உள்ள வச்ச? புது பொம்மைக்கு எடம் வேணும்னு!"

முதலில் சித்தப்பா சிரித்தார். அப்புறம் அப்பா. வந்தவர் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெட்டியை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். எந்தக் காய் எந்தக் குழியில் என்று அவள் பார்க்கவே இல்லை; கைக்கே தெரிந்திருந்தது.

சைக்கிள் வந்தது. காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் வரை ஓட்டிக்கொண்டு போய், வியாபாரத்தை முடித்துவைத்தது நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

எப்படி விற்பது என்று அந்த இரண்டு மாதமும் ஊரையே கேட்டார்கள். விற்கலாமா என்று அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் வரை அவள் தன் அப்பாவோடு உட்கார்ந்து ஆடிய பெட்டி அது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. விஜயதசமி, ஆகாது என்றெல்லாம் சொல்லி அவள் அன்று கொடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்ன ஒரே ஒரு காரணத்தையும் எல்லோர் முன்னாலும் பொய்யாக்கிவிட்டு, நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.