மூன்றாம் ஓலை

பாலக்கரைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிக்கும்போது இன்னாசியம்மாள் தலையைத் தூக்கவே மாட்டாள். கல்யாணம் நிச்சயமானவர்களின் பேரை மூன்று ஞாயிறு வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியார் கேட்பது வழக்கம். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் தாலி. தன் பேரும் ஒருநாள் வாசிக்கப்படும் என்று நான்கு வருஷம் காத்துக் கிடந்தவள் அவள்.

புருஷன் கிளமென்ட் ஐம்பதாம் வருஷம் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினான். மூன்று வருஷம் கடிதாசி வந்தது, பிறகு நின்றது. செத்துவிட்டான் என்றார் ஒருவர். அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் என்றார் இன்னொருவர். ஊர்வாய்க்கு என்ன, மெல்ல ஏதாவது வேண்டும். இன்னாசியம்மாள் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டி வயிற்றைக் கழுவினாள்.

ஐம்பத்தேழில் தைரியராஜ் அவளைக் கேட்டான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், வீடு பாலக்கரையில்தான். பெண்டாட்டி இறந்து, கைக்குழந்தையோடு நின்றவன். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் சாமியார் பிடி கொடுக்கவில்லை.

"புருஷன் செத்ததுக்கு அத்தாட்சி இல்லாம ஓலை எப்படிம்மா வாசிக்கிறது? மலாயாவுக்கு எழுதியிருக்கேன். பொறு."

தைரியராஜுக்குப் பொறுமை ஏது? "ஸ்ரீரங்கத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கு, ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுத்து வச்சிருக்கேன். நம்ம கோயில்காரங்க யாரும் அங்க வரமாட்டாங்க. விதவைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றான்.

அவளும் கிளம்பிவிட்டாள். புதுப்புடவை, தலை நிறையப் பூ. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. ஆபீஸுக்குப் போகாமல் அவள் அம்மா மண்டபத்திலேயே இறங்கி நின்றுவிட்டாள்.

"அவரு செத்தது எனக்கே தெரியாதுங்க. தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதுவேன்? சர்வேசுரன் குடுக்கிற அன்னிக்கு வாங்கிக்கலாம். நாமளா பறிக்க வேணாங்க."

"எப்பக் குடுப்பாரு?"

அவள் சாலையைக் கடந்தாள். எதிர்ப் பஸ்ஸில் ஏறி அழுதுகொண்டே வீடு வந்தாள்.

பொறுமை என்றால் கைகட்டி உட்கார்ந்திருக்கும் சுகம் என்று நினைக்கிறவர்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். மலாயாவிலிருந்து காகிதம் வரவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்வாள். அந்தக் காகிதம் புருஷன் செத்த சேதியல்லவா என்று பாதியில் உறைக்கும். சனிக்கிழமை கோயிலுக்குப் போய், அதையே தன் பாவமென்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுவாள். திங்கட்கிழமை மறுபடி அதே ஜெபம்.

அறுபத்தொன்றில் தைரியராஜ் வாசலில் வந்து நின்றான். "நாலு வருஷம் ஆச்சு. புள்ளைக்கு ஒரு தாய் வேணும். எனக்கும் முடியல" என்றான். மேலப்புதூரில் மாமன் வீட்டில் வளர்ந்த மதலேனம்மாளோடு நிச்சயமாயிற்று. முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாவதும் வாசித்தார்கள்.

மூன்றாவதுக்கு முந்தின நாள் சாமியார் இன்னாசியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் மலாயாத் தபால் கிடந்தது. தோட்டத்தை மூடியதில் அங்குள்ள கோயிலின் அடக்கப் பதிவுப் புத்தகங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டனவாம், இப்போதுதான் தேடி எடுத்தார்களாம். கிளமென்ட் ஐம்பத்துமூன்றிலேயே காய்ச்சலில் செத்து அடக்கமாகியிருந்தான். அம்மா மண்டபத்தில் அவள் இறங்கி நின்ற அன்றைக்கே அவள் விதவைதான்.

சாமியாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு மூணாவது ஓலைம்மா. அவன்கிட்ட சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும்."

விடிய விடிய அவளுக்குத் தூக்கமில்லை. சொன்னால் தைரியராஜ் வந்துவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்."

இன்னாசியம்மாள் எழுந்துவிட்டாள். காகிதம் கையில் இருந்தது. முன்வரிசையில் மதலேனம்மாள், முக்காட்டுக்குள் கண்ணை இறுக மூடி, ஜெபமாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நிமிஷம் கடந்துவிட வேண்டுமே என்ற வேண்டுதல்தான். அந்த வேண்டுதல் இன்னாசியம்மாளுக்குத் தெரியாததா? ஆண்கள் பக்கமிருந்து தைரியராஜ் திரும்பி அவளையே பார்த்தான்.

அவள் அப்படியே முழங்காலில் இறங்கினாள். பக்தி என்று நினைத்தது கோயில்.

மறுநாள் கிளமென்ட் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தாள். திரும்பி வந்து, கூடப் பட்டை தீட்டும் சாரா பீவியிடம் மட்டும் காகிதத்தைப் பற்றிச் சொன்னாள். பீவி பதறிப்போனாள்.

"அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பானே!"

"வந்திருப்பாருக்கா. அதான் சொல்லல."

சொல்லிவிட்டு, கையிலிருந்த கல்லைக் கீழே வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.