டிஸ்க்குக்கு நெற்றி எது?

ஸ்பிரிங்வெளி என்ற ஊரில் கல்யாணப் படம் எடுப்பவர் அவர். நரைத்த மீசை. எந்த சுவிட்சையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போடுவார். அவர் வீட்டு நெட்வொர்க்கில் படங்களைச் சேமிக்கும் பெட்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் அடையாளம் காணவில்லை. மறுநாள் கொடுக்கவேண்டிய கல்யாணப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன.

பழுது பார்க்கப் போன நான், என் பட்டியல்படி மின்சாரம், கேபிள், மென்பொருள் எல்லாம் பார்த்தேன். கடைசியில் டிஸ்க்குகளை உருவினால், இணைப்பு முனைகளில் காய்ந்த சந்தனம்.

“நேத்து ஆயுத பூசைக்குக் கழட்டிப் பொட்டு வச்சேன் மிஸ். நெத்தி எதுன்னு தெரியல. பளபளன்னு இருந்த பக்கமா வச்சுட்டேன்.”

ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டியதும் மணமகள் திரையில் சிரித்தாள்.

“அப்ப அடுத்த வருசம் எங்க வைக்கிறது?”

பெட்டியின் மேல்மூடியைக் காட்டினேன். பேனாவால் அங்கே வட்டம் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், மின்சாரத்துக்கும் முன்னால் பூசையைப் பற்றித்தான் விசாரிக்கிறேன்.