முருகனுக்கு வளர்த்த தாடி

அந்தக் குழந்தைக்கு ஒரு வயது இருக்கும். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. பாதித் தலை மழித்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும்தான். பிடித்தவர், பக்கத்து இடத்தில் வேறொருவருக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்த சேகர், என் மனைவியின் அண்ணன். என் கையிலிருந்த கத்தி குழந்தையின் காதுக்கு மேலே ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது. நான் தூங்கிப்போயிருந்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் படிக்க ஓடாது, எனக்கும் எழுத ஓடாது.

திருத்தணி மலையில் முடி இறக்குவது என் தொழில். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பழைய ஆடிக் கிருத்திகை நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. விடிவதற்கு முன் உட்கார்ந்தால் இடுப்பு நிமிர நேரமிருக்காது. ஒரு பக்கம் தமிழில் அழும் குழந்தை, மறுபக்கம் தெலுங்கில் அழும் குழந்தை. ஒன்றிடம் "அழாத கண்ணு", மற்றதிடம் "ஏடவொத்து நைனா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே கை ஓடும். ஈர முடியும் சந்தனமும் கலந்த அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. அத்தனைக்கும் பிறகு சாயங்காலம் படி இறங்கும்போது கால் துள்ளும். அந்த உடம்பு என்னுடையதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தூக்கம் முதலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. யாருக்குத்தான் வராது என்று விட்டுவிட்டேன். பிறகு காலை பதினோரு மணிக்கும் வந்தது. கரண்ட் போவது போல, சொல்லாமல் கொள்ளாமல். திரும்பி வந்தாலும் கை கால் ஈரத்துணி மாதிரி தொங்கும். சர்க்கரை பார்த்தேன், தைராய்டு (கழுத்துச் சுரப்பி) பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தலைச்சூடு என்றார்கள். டீயாகக் குடித்துத் தள்ளினேன்.

நான் கத்தியோடு தூங்கிப்போன அன்று பாவா (சேகரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். "நீ வர்றவங்க தலைக்குத் தண்ணி ஊத்திகினு இரு மாப்ளே. கத்தியைத் தொடாத" என்றார். ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அவர் செய்தது சரிதான், அது தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

அந்த வாரமே முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இந்தத் தூக்கம் போய் நான் மறுபடியும் கத்தி பிடிக்கிற நாள் வரை தலையிலும் தாடையிலும் கத்தி படாது. போனதும் மொத்தமாக இறக்குகிறேன். ஊருக்கெல்லாம் மொட்டை அடித்தவன், எனக்காக நேர்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை. இதனால் என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சென்னையில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவர் என்னைக் கேட்டதைவிட என் மனைவி கஸ்தூரியைத்தான் அதிகம் கேட்டார். என் குறட்டையைப் பற்றி வீட்டில் எல்லோரும் கேலி பேசுவார்கள்; கஸ்தூரியும் சிரிப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"குறட்டை நின்னா மூச்சும் நின்னுடும்மா. நான் எண்ணிகினே படுத்திருப்பேன். சில நாள் முப்பதுகூட ஆவும். போய்ட்டாரோன்னு மூக்காண்ட கை வெச்சுப் பாப்பேன்" என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். சொன்னால் நான் பயந்துபோய்த் தூங்காமல் கிடப்பேன் என்று நினைத்தாளாம். பகலில் நான் தூங்கி விழுந்தேன், இரவில் அவள் விழித்துக் கிடந்தாள். எத்தனை வருஷம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு ராத்திரி ஒயர்களோடு படுக்கவைத்துச் சோதித்தார்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது) என்று வந்தது. நான் தூங்குவதாக நினைத்ததெல்லாம் தூக்கமே இல்லையாம். சிபாப் (காற்றை அழுத்தி உள்ளே அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதன் முகமூடி மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூட வேண்டும். என் மூக்கு அடைப்புக்கு வேறு வகை சரிப்படாது.

என் முகத்தில் மூன்று மாதத் தாடி. காற்று அதன் வழியே புஸ்ஸென்று வெளியே போனது. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணானது. டாக்டரம்மா தாடியை எடுக்கச் சொன்னார். வேண்டுதல் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கஸ்தூரியைப் பார்த்தார்.

தூக்கம் போனால்தான் தாடி எடுப்பேன்; தாடி எடுத்தால்தான் தூக்கம் போகும். முப்பத்தைந்து நாள் இந்த வீம்பில் கழிந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றபடி தூங்கி, ஒரு பெரியவர் மடியில் சொம்போடு சாய்ந்தேன். சாமிக்குச் சொன்ன சொல்லை மாற்றினால் ஒருநாளும் கத்தி பிடிக்க முடியாமல் போய்விடும் என்ற பயம் எனக்கு. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும்.

கடைசியில் பாவாதான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "முடியை இன்னிக்கே முருகனாண்ட குடுத்துடு. அவரு குடுக்கறதை எப்ப குடுக்கணுமோ குடுக்கட்டும். நீயா நாள் குறிக்கிற?" என்றார்.

தலையைக் குனிந்தேன். காதுக்குப் பின்னால் கத்தி இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடி மடியில் விழ விழ அழுதேன். பாவா பார்க்காதது போல இருந்தார்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போலத் தூங்கி விழுபவர் இருந்தால், டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிப்போங்கள். உங்கள் இரவு அவருக்குத்தான் தெரியும்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தாடி போனதும் முகமூடி காற்று கசியாமல் பொருந்தியது, பகல் தூக்கம் நின்றது; ஆனால் கருவி தினமும் வேண்டும். இரண்டு நாள் விட்டால் உடம்பு பழையபடி கனக்கிறது. தினமும் காலையில் சவரம் செய்துகொள்கிறேன். பழைய துள்ளல் திரும்பவில்லை, அதற்காக வருத்தமும் உண்டு.

மூன்று மாதம் கழித்து, டாக்டரம்மா சரி என்ற பிறகு, ஒரு மதியம் பாவா கத்தியை என்னிடம் நீட்டினார். புத்தூரிலிருந்து வந்த குடும்பம், பதினோரு மாதப் பெண் குழந்தை. நான் முடிக்கும்வரை பாவா அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. அவர் வலது கை என் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சந்தனம் பூசி நிமிர்ந்த பிறகுதான் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தத் தலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. உச்சியில் இரட்டைச் சுழி, இடது காதுக்குப் பின்னால் எள்ளளவு மச்சம், பிடரியில் ஒரு கொசுக்கடி. முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்பு வரை நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை.