எழுதாத தீர்மானத்துக்கு என் கையெழுத்து

ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் முப்பது வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு அதைச் செயல்படுத்தும், மீறினால் நீதிமன்றம் விசாரிக்கும் என்று பலகையில் மூன்று கட்டம் போடுவேன். கீழே கிராம சபைக்கு இன்னொன்று. "சட்டமன்றத்தில் நமக்காக வேறொருவர் பேசுவார். கிராம சபையில் வாக்காளர் எல்லோருமே உறுப்பினர். நாமே பேசலாம், நாமே முடிவெடுக்கலாம்" என்பேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கிராம சபையிலும் நான் வாய் திறந்ததில்லை. எங்கள் ஊரில் சாமியானா வாசலிலேயே தீர்மான நோட்டு இருக்கும். கையெழுத்துப் போட்டால் டீ, மிக்சர். தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் பிறகு மேலே எழுதிக்கொள்வார். நோட்டை முதலில் என்னிடம்தான் நீட்டுவார். "வாத்தியாரே போட்டுட்டாரு, நமக்கு இன்னா" என்று மற்றவர்களும் போடுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் அப்படி எழுதப்பட்ட ஒரு தீர்மானம், ஊர் எல்லையில் தோல் கம்பெனி கழிவுநீர்க் குட்டை வெட்ட ஆட்சேபணை இல்லை என்றது. குட்டைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாளின் கிணறு. ஒரு ஏக்கர் கத்தரியும் வெண்டையும் அந்தத் தண்ணீரில்தான். திருப்பத்தூரில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனவருக்குத் தீர்மான நகலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பஸ் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா. போடும்போது மேலே ஒண்ணும் எழுதல."

"ஒண்ணும் எழுதாத பேப்பர்ல போடறதுக்கு அவ்ளோ படிப்பு எதுக்கு சார்? எங்க மாமியார் கைநாட்டு. அதுகூட இன்னா ஏதுன்னு கேட்டுட்டுத்தான் வைக்கும்."

நான் கையெழுத்துப் போட்டபோது பக்கம் வெற்றாக இருந்தது என்று கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "சபை போட்ட தீர்மானத்தை ஒருத்தர் கடிதம் ரத்து பண்ணாது சார். சபையே மாத்தணும்" என்றார். அது சரிதான். நான் நடத்திய பாடமும் அதுதான்.

அடுத்த சபையில் நோட்டின் முன்னால் நின்றேன். "முதல்ல பேசுவோம், அப்புறம் கையெழுத்து" என்றேன்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு, வழி விடுங்க சார்" என்றான் ஒருவன்.

"இத்தனை வருஷம் போட்டப்ப இனிச்சுது, இப்ப இன்னா பேஜார்?" என்றான் இன்னொருவன். வரிசையே சிரித்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேர் அந்தக் கம்பெனியில் வேலை செய்பவர்கள். அவர்கள்மேல் எரிச்சல் வந்தது. அந்தப் பழக்கத்தில் என் பங்குதான் பெரியது என்று நினைத்ததும் இன்னும் எரிச்சல் வந்தது.

செயலர் பணிவாகவே சொன்னார்: "மனுவா குடுங்க சார், அடுத்த சபையில வைக்கிறேன்."

பழைய தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி மனு எழுதி, அந்த அம்மாளோடு வீடு வீடாகப் போகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவை நீட்டுகிறேன். இதுவரை பதினொரு கையெழுத்து. குட்டைக்கான பள்ளம் இடுப்பளவு இறங்கிவிட்டது. அடுத்த சபைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.